ஷூலான் சொல்லாமல் விட்ட சேதி

பாய்ச்சியாவ் கிராமத்தில் ஷூலானின் வீட்டில் முதன்முதலில் ஜெபத்துக்குக் கூடியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இருவருக்குக் காது மந்தம். ஒருத்தி உட்கார்ந்த கையோடு தூங்கிப்போவாள். ஆனாலும் அந்த ஒன்பது பேரும் ஷூலானின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தார்கள். பாடச் சொன்னால் ஆளுக்கொரு ராகத்தில் பாடினார்கள். கூட்டுப் பண்ணையைக் கலைத்து நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்த வருஷம் அது. விடியற்காலையில், வயலுக்குப் போகுமுன், கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினால் கண்டும் காணாமல் விட்டுவிடுகிற அளவுக்குக் காலம் இளகியிருந்தது.

அந்த மரியாதை ஷூலானுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அறுபத்தெட்டாம் வருஷம், ஆண்டவரைக் கும்பிடுவதே குற்றமாக இருந்தபோது, அவள் தலையில் காகிதத்தில் செய்த கூம்புத் தொப்பியை மாட்டி, கழுத்தில் பலகை தொங்கவிட்டு, ஏழு நாள் தெருத்தெருவாக நடத்திப் போனார்கள். யாரோ ஓங்கி விட்ட அறையில் வலது காது அன்றோடு போயிற்று. வீட்டில் இருந்த வேதப் புத்தகத்தை அதற்கு முன்பே ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு, மெழுகால் வாயை அடைத்து, பன்றிக் கொட்டிலின் சேற்றுக்கடியில் புதைத்திருந்தாள். பதினோரு வருஷம் அது அங்கேயே கிடந்தது. தோண்டி எடுத்தபோது ஓரங்கள் பழுப்பேறி முள்ளங்கி ஊறுகாய் வாடை அடித்தது. சுற்றுவட்டத்தில் இருபது ஊருக்கு அது ஒன்றுதான் புத்தகம்.

அந்த ஏழு நாளும் ஊர் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் அவள் பெயரை வாசித்துக் குற்றம் சொன்ன குரல் ஒன்று உண்டு. பதினேழு வயதுப் பெண்ணின் குரல். யூஷியா. அப்போது அவள்தான் ஊரின் அறிவிப்பாளர். அவள் வாயில் வசைகூடப் பாட்டுபோல இருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அதே யூஷியா எண்பத்திரண்டாம் வருஷம் வசந்த காலத்தில் ஷூலானின் வாசலில் வந்து நின்றாள். தோளில் ஆறு வயது மகள். குழந்தைக்கு இருபது நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். யூஷியாவின் புருஷன் சுரங்கத்தில் செத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

"அக்கா, உள்ள வரலாமா? வெரட்டினாலும் நியாயந்தான்" என்றாள்.

"கொழந்தைய வெயில்ல நிக்க வெக்காத. வா" என்றாள் ஷூலான்.

அவளே குழந்தையின் வயிற்றில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். மூன்று நாள் பண்ணினாள். நாலாம் நாள் குழந்தை சோளக் கஞ்சி கேட்டது. மருந்து தாமதமாக வேலை செய்ததோ, வேறென்னவோ, யூஷியா அதையெல்லாம் யோசிக்கவில்லை. அடுத்த விடியலில் பத்தாவது ஆளாக வந்து உட்கார்ந்தாள். ஷூலானின் சந்தோஷத்துக்கு அளவில்லை. அன்று புருஷன் தியான்பாவிடம், "என் பேரச் சொல்லித் திட்டின வாயே இன்னிக்கு ஆமென் சொல்லிச்சுங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறே மாதத்தில் அந்தச் சந்தோஷம் வற்றிப்போயிற்று.

ஒருநாள், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி யூஷியாவை எழுப்பி நிறுத்தியதே ஷூலான்தான். யூஷியா ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னாள், சுரங்கத்தைப் பற்றிச் சொன்னாள், குழந்தையைப் பற்றிச் சொன்னாள். தூங்கும் கிழவி விழித்துக்கொண்டாள். காது மந்தமான இருவரும் அழுதார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். அறுவடைக்குள் எழுபது. அடுத்த வருஷம் பனி விழுவதற்குள் இருநூறு பேர், பக்கத்து ஊர்களிலிருந்து இருட்டோடு கிளம்பி, காதில் குளிர்க்காற்று அறைய நடந்து வந்தார்கள். அறை போதாமல் முற்றம், முற்றம் போதாமல் மதில்மேல். வாசலில் கழற்றிவிட்ட பஞ்சுச் செருப்புகளுக்குள் தன் செருப்பைத் தேடி எடுப்பதே ஷூலானுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

எல்லாரும் வந்தது யூஷியாவுக்காக. ஷூலான் முன்னால் உட்காரும் முக்காலியை ஒருநாள் யாரோ எடுத்து யூஷியாவுக்குப் போட்டார்கள். அப்புறம் அது அவளுடையதாகவே ஆயிற்று. "அக்கா, வந்தவங்களுக்குக் கொஞ்சம் வெந்நீர்" என்று ஒருத்தி கேட்டாள். அதன்பின் வெந்நீர் போடுவது ஷூலானின் பொறுப்பு. அடுப்படியில் இருந்தால் யூஷியா பேசுவது பாதிதான் கேட்கும். கேட்கிற காதையும் அவள் சில நாள் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு காலை, புதிதாக வந்த ஒரு மருமகள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள், "ஏம்மா, நீங்களும் விசுவாசியா? இல்ல வீடு குடுத்தவங்க மட்டுந்தானா?"

ஷூலான் கிண்ணம் வழியும்வரை வெந்நீரை ஊற்றினாள். மருமகள் "ஐயோ, கை சுட்டுச்சு!" என்று கத்தினாள்.

அன்று முழுக்க ஷூலான் மாவு பிசைந்த வேகத்தைப் பார்த்து தியான்பாவ் சிரித்தான். அவனுக்கு இந்த ஆண்டவர் விவகாரத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் பெண்டாட்டியை நன்றாகத் தெரியும்.

"அந்த மாவு ஒன்ன என்ன பண்ணிச்சு?"

"பேசாம போங்க."

"கூட்டம் பெருகணும் பெருகணும்னு நீதான ராத்திரி பகலா வேண்டிக்கிட்ட? பெருகிடிச்சு. இப்ப மூஞ்சிய மொழ நீளத்துக்குத் தூக்கி வெச்சிருக்க."

"பன்னண்டு வருஷம் கசப்பு தின்னது நான். அவ ஒரு வருஷமா பேசறா."

"அப்ப நீ பேசேன்."

அதுதான் வலித்தது. ஷூலானுக்குப் பேச வராது. குரல் காய்ந்த மூங்கிலைத் தட்டினதுபோல இருக்கும். ஆரம்பித்தால் எங்கே முடிப்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவாள். ஒன்பது பேருக்கு அது போதும். இருநூறு பேர் நெளிவார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் பண்ணிய ஜெபங்களில் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. யூஷியாவுக்கு ஒரு ஜலதோஷம் வரவேண்டும், ஒரே ஒரு வாரம், உயிருக்கு ஆபத்தில்லாமல், தொண்டை மட்டும் கட்டினால் போதும். அது பாவம் என்று தெரியும். தெரிந்தே கேட்டாள். ஜலதோஷம் வந்தது. யூஷியா கிசுகிசுத்தாள். இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். அத்தனை அமைதியை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. ஷூலான் அடுப்படியில் விறகை உடைத்து உடைத்துப் போட்டாள்.

பனிக்காலம் தொடங்கிய சமயம் கெங் வந்தார். ஊர் ஊராக ஊசி நூல் விற்கிறவர். சபைகளுக்கு நடுவே சேதி கொண்டுபோவதும் அவர்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டு வெந்நீரை உறிஞ்சினார்.

"ஆத்துக்கு அக்கரை, வாங்லோ ஊர்ல வர்ற பத்தாந்தேதி பெரிய கூட்டம். முந்நூறு பேருக்கு மேல வருவாங்க. யூஷியா கண்டிப்பா வரணும்னு சொல்லி விட்டிருக்காங்க. நான் இப்பவே படகு பிடிக்கணும், அவ வீட்டுக்குப் போக நேரமில்ல. நீங்க சொல்லிடுங்க அக்கா."

"என்னையும் வரச் சொன்னாங்களா?"

கெங் ஒரு கணம் தடுமாறினார். நல்ல மனுஷர், பொய் வராது. "புத்தகத்த அவகிட்ட குடுத்து விடச் சொன்னாங்க" என்றார்.

"சரி. சொல்றேன்" என்றாள் ஷூலான்.

அவள் சொல்லவில்லை. முதல் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் யூஷியாவே முட்டைக்கோஸ் கொண்டுவந்து கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். அப்போதும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு விழுங்கினாள். பத்தாம் தேதி காலையில் கிணற்றடியில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தாள். முந்நூறு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். வராத ஆளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும். பாதி நிரம்பிய வாளியோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டாம் தேதி விடியல் ஜெபத்தின் நடுவே கெங் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்லோ கூட்டத்தக் காவல்காரங்க வளைச்சிட்டாங்க! நாப்பது பேரப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. 'அந்த ஒலிபெருக்கிப் பொம்பள எங்க'ன்னுதான் மொதல்லயே கேட்டிருக்காங்க. யூஷியாவுக்காகத்தான் வந்தாங்க!"

யூஷியா எழுந்தாள். "எனக்காகவா? எனக்கு அங்க கூட்டம்னே தெரியாதே."

கெங் ஷூலானைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது. "அக்கா, நான் ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க சொல்லல. ஆண்டவர் ஒங்களத் தடுத்திருக்காரு!"

இருநூறு முகங்களும் அடுப்படிப் பக்கம் திரும்பின. ஷூலான் கையில் அகப்பையோடு நின்றாள். யாரோ விம்மினார்கள். கிழவி ஒருத்தி வந்து அவள் சட்டைக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யூஷியா வந்து மண்தரையில் முழங்கால் போட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எப்படித் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

"மனசுல ஒரு பாரம்" என்றாள் ஷூலான். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

முக்காலி திரும்பி வந்தது. வெந்நீரை வேறு பெண்கள் போட்டார்கள். 'வீடு குடுத்தவங்க மட்டுந்தானா' என்று கேட்ட மருமகள் தன் குழந்தையைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் கேட்டாள். நாலு நாள் இப்படிப் போயிற்று. பொய் என்று தெரிந்தும் இனிக்கத்தான் செய்தது. நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஐந்தாம் நாள் கெங் மறுபடி வந்து, அக்கரையில் நடந்ததை முழுசாகச் சொன்னார். மத்தியானம் வரை யூஷியாவுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வரவில்லை. கூட்டம் கலையப் போனபோது சின்மெய் என்று ஒரு பெண், வாத்து வளர்க்கிறவள், எழுந்து நின்றிருக்கிறாள். கடும் திக்குவாய். சந்தையில் வாத்துக்கு விலை சொல்லக்கூட விரலைத்தான் காட்டுவாள். 'நான் பே-பேசறேன்' என்று சொல்லித் தொடங்கியிருக்கிறாள். அந்த நேரம்தான் காவல்காரர்கள் நுழைந்தார்கள். பேசிக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்தி. 'நீதான் அந்த ஒலிபெருக்கிக்காரியா?' என்று கேட்டார்கள்.

"இல்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. இவ 'ஆ-ஆமா'ன்னு சொல்லிட்டா" என்றார் கெங். "அதிகாரிக்கே சந்தேகம் வந்திருக்கு. ஆனா ஒத்துக்கிட்டவள எப்படி விடறது? மத்தவங்கள விட்டுட்டாங்க. அவ மட்டும் உள்ள இருக்கா. வாத்துங்கள பக்கத்து வீட்டுல பாத்துக்கறாங்க."

ஷூலான் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெட்கம் வந்தது. வெட்கத்தோடு வெட்கமாக, அந்த முகம் தெரியாத வாத்துக்காரிமேலும் ஒரு சொட்டுப் பொறாமை ஊறியது. புத்தகத்தை இத்தனை வருஷம் ஜாடியில் புதைத்துக் காப்பாற்றியது இவள். இதைச் செய்ய வாய்த்தது யாருக்கோ. அப்படி நினைத்த கணத்தில் தன்னைப் பார்த்துத் தானே பயந்துபோனாள்.

எழுந்து நேராக யூஷியா வீட்டுக்குப் போனாள். யூஷியா முற்றத்தில் முட்டைக்கோஸைக் கழுவி வரிசையாகக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர் என்னைத் தடுக்கல" என்றாள் ஷூலான், நின்றபடியே. "நாந்தான் சொல்லல. வேணும்னே சொல்லல."

யூஷியாவின் கை தண்ணீரிலேயே நின்றது.

"அன்னிக்கு நான் ஒங்க பேர வாசிச்சதுக்கா?" என்றாள். "இத்தன வருஷத்துல நீங்க ஒரு வார்த்த கேக்கலியேன்னு நான் தெனமும் பயந்துட்டுத்தான் இருந்தேன். அதுக்குன்னா சரி, எனக்கு வேணுந்தான்."

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் இருவரும் அழுது கட்டிப்பிடித்து முடித்திருக்கலாம்.

"இல்ல. அது எப்பவோ ஆறிப்போச்சு" என்றாள் ஷூலான். "ஒன் கொரலுக்காக. நீ வாயத் தொறந்ததும் ஜனங்க ஒன்னப் பாக்கற பார்வைக்காக. ஒனக்குத் தொண்ட கட்டணும்னுகூட வேண்டிக்கிட்டேன். கட்டிச்சே, அது என் வேலதான்."

யூஷியா நிமிர்ந்தாள். கோபத்தில் அவள் காதுமடல் சிவந்துவிட்டது. "அங்க ஒருத்தி என் பேர்ல உள்ள ஒக்காந்திருக்கா அக்கா! பேச்சே வராதவ!" கையிலிருந்த முட்டைக்கோஸைத் தொட்டியில் எறிந்தாள். தண்ணீர் ஷூலானின் முகத்தில் தெறித்தது. ஷூலான் துடைக்கவில்லை.

யூஷியா உள்ளே போனாள். பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலு ஆவி ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க போற?"

"வேற எங்க? நாந்தான்னு சொல்லப் போறேன்."

"நானும் வரேன். சபை நடக்கறது என் வீட்டுல."

யூஷியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு? அங்கயும் எனக்குப் போட்டியா?"

அப்புறம் இருவரில் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நல்ல சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அக்கரை போகும் படகுத்துறைவரை ஒன்றாகவே நடந்தார்கள்.

மாவட்ட அலுவலகத்தில் இருந்த அதிகாரிக்கு யூஷியா பேச ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. "அந்தக் காலத்துல இந்தக் கொரலக் கேட்டுத்தான நாங்கள்லாம் காலையில எழுந்திரிச்சோம்" என்றார் அவர், ஏதோ ஏமாந்துபோனவர்போல. பிறகு ஷூலானைக் காட்டி, "இந்தக் கெழவி யாரு?" என்றார்.

ஷூலான் வாயைத் திறந்தாள். அதற்குள் யூஷியா முந்திக்கொண்டாள். "எங்க ஊருதான். வழித்தொணைக்கு வந்தாங்க. காது கேக்காது." சொல்லிவிட்டு ஷூலானை ஒரு பார்வை பார்த்தாள். என் மகளை யார் பார்த்துக்கொள்வது, அந்த இருநூறு பேரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டது அந்தப் பார்வை.

ஷூலான் காது கேட்காதவளாகவே வெளியே வந்தாள். சின்மெய்யைப் பதினைந்து நாள் கழித்து விட்டார்கள். யூஷியாவுக்கு மூன்று வருஷம், வடக்கே ஒரு உழைப்பு முகாமில்.

அந்த ஞாயிறு ஷூலான் முக்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டு, காய்ந்த மூங்கில் குரலில், நடந்ததை ஒன்று விடாமல் சபைக்குச் சொன்னாள். ஜலதோஷத்தையும் சொன்னாள். சட்டைக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவி எழுந்து போனவள் பிறகு வரவேயில்லை. பாதிப் பேருக்குமேல் நின்றுவிட்டார்கள். சிலர் அவள் போட்ட வெந்நீரைக் குடிக்க மறுத்தார்கள்.

மிச்சமிருந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேச வராது. அதனால் ஒரு காலை, கத்தரியை எடுத்து வேதப் புத்தகத்தின் தையலைப் பிரித்தாள். தியான்பாவ் பதறிப்போனான்.

"ஏய், அதுக்காகத்தான ஒரு காதையே குடுத்த!"

"ஒருத்தர் கையில இருந்தா ஒருத்தர்தான் படிக்க முடியும்" என்றாள்.

ஆளுக்குப் பத்துத் தாள் கொடுத்தாள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும். அடுத்த ஞாயிறு அதை எழுந்து நின்று வாசித்து, புரிந்ததைச் சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த யூஷியாவின் மகளிடம் கற்றுக்கொண்டார்கள். திணறினார்கள், தப்பாக வாசித்தார்கள், ஒரு பன்றி வியாபாரி பாதியில் நிறுத்தி ஓடியே போனான். அடுத்த வாரம் திரும்பி வந்தான். சின்மெய் படகேறி வந்து ஒரு பக்கத்தை வாசிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் நெளியவில்லை. நெளிந்த ஒருவனை ஷூலான் அகப்பையால் தட்டினாள்.

வாசிக்கப் பழகியவர்கள் தங்கள் ஊரில் தங்கள் வீட்டில் கூட்டம் போட்டார்கள். மூன்று வருஷத்தில் பதினோரு வீடு. மொத்தம் எத்தனை பேர் என்று ஷூலானுக்குத் தெரியாது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "யூஷியா அக்கா எப்ப வருவாங்க?" ஒவ்வொரு முறையும் அது பழைய இடத்தில் சுருக்கென்று தைத்தது. மாதத்துக்கு ஒருமுறை முகாமுக்கு வறுத்த மாவும் கடுதாசியும் அனுப்பினாள். கடுதாசியில் மகளைப் பற்றி எழுதுவாள். பதினோரு வீட்டைப் பற்றி எழுதமாட்டாள்.

எண்பத்தாறு கடைசியில் யூஷியா திரும்பி வந்தாள். பஸ் நிற்கும் இடத்துக்கு முந்நூறு பேர் போய்விட்டார்கள். ஊரே காலி. ஷூலான் மட்டும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து மாவைத் தேய்த்து நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டபோது, வந்துவிட்டது அந்தப் பழைய எரிச்சல், ஒருநாள்கூட வயதாகாமல். "சரி, வா, ஒக்காரு" என்று அதனிடம் சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டு வெங்காயத்தாளை நறுக்கினாள்.

யூஷியா இளைத்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஷூலானின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மகள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் கூட்டம் நெரிந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் யூஷியா, கிண்ணத்தை வைத்துவிட்டு. "மூணு வருஷமா என்ன பேசணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன் அக்கா."

"நாளைக்கு சின்மெய் மொற."

"சரி, அடுத்த வாரம்."

"பன்றி வியாபாரி."

"அவனா? அவன் என்ன பேசுவான்?" யூஷியா சிரித்தாள். ஷூலான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். "அப்ப எனக்கு எப்ப?"

"ஒனக்கு முன்னால பதினாலு பேர் இருக்காங்க. வரிசையில நில்லு."

யூஷியா வாசலைப் பார்த்தாள். அங்கே யாரோ சின்மெய்யிடம், நாளைக்கு எந்தப் பக்கம் என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யூஷியாவின் உதடு லேசாக இறுகியது. கண் ஒரு நொடி சுருங்கியது. அந்த முகத்தை ஷூலானுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். எத்தனையோ காலை அடுப்படித் தண்ணீரில் தன்னிடமே பார்த்த முகம். இது பாவம் என்று தெரிந்தும் ஷூலானுக்கு மனசு குளிர்ந்தது.

"இன்னொரு கிண்ணம் போடட்டுமா?" என்றாள்.

"போடுங்க" என்றாள் யூஷியா, இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டு.